நாக்கில் ஒட்டிய நோட்டு

மறக்காத மூளைக்கு விலை நாற்பத்தைந்து ரூபாய். விருத்தாசலம் கடைவீதியில் நோட்டுக்கடை சக்கரபாணி கண்ணைச் சிமிட்டாமல் சொல்கிற விலை அது. வாங்க வந்திருப்பவள் வேல்விழியாக இருந்தால் அந்த விலை நிற்காது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் முதலில் நாற்பத்தைந்து சொன்னால்தான் கல்லாவுக்கு மரியாதை.

வேல்விழிக்குச் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கொட்டகை, நான்கு ஆட்கள், பீங்கான் ஃபியூஸ் செய்கிற தொழில். சொந்தச் சூளை கிடையாது. பொதுச் சூளையில் முறை வாங்கி, இரும்பு ட்ரக்கில் சரக்கை அடுக்கி உள்ளே தள்ள வேண்டும். முறை தவறினால் அடுத்ததற்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

போன மாதம் தவறியது. சூளை முறையை அவள் வீட்டுத் தினசரி காலண்டரில், வரப்போகும் வியாழக்கிழமைத் தாளில் எழுதி வைத்திருந்தாள். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்த புருஷன் ராஜ்மோகன், கிழிக்காமல் கிடந்த தாள்களை மொத்தமாகக் கிழித்தார். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. வியாழனன்று சுவரில் வெள்ளி தொங்கியது. எழுதியாயிற்று என்று தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்ட வேல்விழிக்கு விஷயம் தெரிந்தபோது, அவளுடைய ட்ரக்கில் வேறொருவர் சரக்கு வெந்துகொண்டிருந்தது.

அவளுடைய ஃபியூஸில் பாதியை எடுக்கிறவர் புதுச்சேரி எலெக்ட்ரிகல் கடைக்காரர். ஒரு முறை பொறுத்துக்கொண்டார். "இந்தத் தடவையும் லேட்டாச்சுன்னா வேற எடம் பாத்துக்குறேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அந்தக் கடை போனால் கொட்டகையில் நான்கு பேருக்கு வேலை இருக்காது. ஆகவே இந்த நோட்டு.

எழுதும் முறையில் அவளுக்குக் குழப்பமில்லை. சரக்கு காயும் பலகைகளில் சாக்பீஸால் போடுகிற குறிகள் கைவசம் இருந்தன. புள்ளி வைத்தால் வேலை பாக்கி. பெருக்கல் போட்டால் முடிந்தது. அம்பு போட்டால் அடுத்த சூளைக்குத் தள்ளியாயிற்று. பலகைக்குப் போதுமானது குடும்பத்துக்கும் போதும் என்பது அவள் கட்சி.

"இந்தாம்மா டைரி. பாதி வெலைக்குத் தரேன்" என்றார் சக்கரபாணி.

"இது ஜூன் மாசம்ணே. ஆறு மாசம் செத்துப்போன டைரிக்கு நான் காசு குடுக்கணுமா? எடுத்துப் போடுறதுக்கு நீங்கதான் கூலி குடுக்கணும்."

டைரி பின்வாங்கியது. கம்பிச் சுருள் போட்ட நோட்டு முன்னால் வந்தது.

"கம்பியில களிமண்ணு போயி அடைச்சிக்கும். அதோட இழுத்தா தாளு கையோட வந்துரும். எங்க வூட்ல ஒருத்தர் இருக்காரு, கிழிக்கிறதுல கெட்டிக்காரரு."

கடைசியில் கட்டம் போட்ட, நூலால் தைத்த மூன்று நோட்டுகள் மேசைக்கு வந்தன. ஒன்று மலிவு, ஒன்று நடுத்தரம், ஒன்று பளபளவென்று நாற்பத்தைந்து ரூபாய். மூன்றையும் நடுவில் விரித்துக் கையை எடுத்துப் பார்த்தாள். மூடிக்கொள்ளாமல் படுத்தே கிடந்தன. திருப்தி. பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடைசித் தாளின் மூலையில் நாக்கை வைத்தாள்.

"யம்மா! இன்னா பண்ற? திங்கிற பொருளா அது?"

"சும்மா இருங்கண்ணே. மொதச் சூடு மட்டும் பட்ட சரக்க நாக்குல வெச்சா ஒட்டும். தண்ணி குடிக்கும்னு அர்த்தம். பூச்சு போட்டு வெந்தது ஒட்டாது. ஒட்டாததுதான் முடிஞ்ச சரக்கு. மலிவு நல்லா ஒட்டுது, நடுவுது லேசா ஒட்டுது, பளபளப்பு ஒட்டவே இல்ல."

"எங்கடையில இதுவரைக்கும் ஆடுதான் நோட்ட நக்கியிருக்குது."

"அதுக்கும் சரக்கு பாத்து வாங்கத் தெரிஞ்சிருக்குது."

"நாக்கு வெச்சா வாங்குன மாதிரி. மூணும் உன்னுதுதான் இப்ப."

"அப்ப மாம்பழக் கடையில மோந்து பாக்குறவங்கல்லாம் தோப்பையே வாங்கணுமா? பளபளப்புக்கு முப்பது சொல்லுங்க, முடிச்சிக்கலாம்."

முப்பத்தெட்டில் முடிந்தது. அவள் பணத்தை எண்ணும்போது செல்போன் அடித்தது. சூளைப் பொறுப்பாளர் பழமலைநாதன்.

"யக்கா, எழுதிக்குங்க. ஒருவாட்டிதான் சொல்வேன், இன்னும் நெறைய பேருக்குச் சொல்லணும். செவ்வாக்கெழம காலை அஞ்சரை, மூணாவது ட்ரக்கு. இதையும் வுட்டீங்கன்னா எங்கிட்ட வராதீங்க."

வேல்விழி புது நோட்டைத் திறந்து, கல்லாவிலிருந்த ஜெல் பேனாவால் எழுதினாள். போனை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றும்போது உள்ளங்கை தாளில் லேசாக உரசியது. செவ்வாய் நீல வால் முளைத்து ஓடியது. அஞ்சரை அதன் பின்னாலேயே போயிற்று. அதற்குள் பழமலைநாதன் போனை வைத்துவிட்டிருந்தார். மை தாளின் மேலேயே, கழுவின தட்டில் தண்ணீர் நிற்பதுபோல் நின்றது.

சொன்னது இன்னும் காதில் சூடாக இருந்தது. பக்கத்திலிருந்த நடுத்தர நோட்டை இழுத்து மறுபடி எழுதினாள். கட்டை விரலால் தேய்த்தாள். அசையவில்லை. தாளைத் திருப்பினாள். மறுபக்கம் சுத்தம். மலிவு நோட்டிலும் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள். அது மூன்று தாள் ஆழம் வரை குடித்துவிட்டு இன்னும் கேட்டது.

வேல்விழி தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "புத்தி போச்சுண்ணே. சரக்கு குடிச்சாத்தானே பூச்சு ஏறும்? ஒட்டாததுல எது நிக்கும்? தாள வெந்த சரக்குன்னு நெனச்சிட்டேன். அது இனிமேதான் வேகணும். நடுவுதே போதும்."

"ஒனக்குப் போதும். எனக்கு ரெண்டு நோட்டு நாசம். ஒண்ணுல கோலம் போட்ருக்க, ஒண்ணுல ஓட்ட போட்ருக்க. ரெண்டுத்துலயும் எச்சி வேற."

"ரெண்டுக்கும் சேத்து ஒரு பீங்கான் பேனா ஸ்டாண்டு செஞ்சு தரேன். உங்க கட பேரு எழுதி சூளையில வேக வெச்சுத் தரேன். கல்லாவுல வெச்சா கட மூடுனாலும் பேரு அழியாது."

"கடைய ஏன்மா மூடுற? ரெண்டா குடு."

"ஒண்ணுதான். ஆனா மூடி போட்டுத் தரேன்."

"பேனா ஸ்டாண்டுக்கு எதுக்கு மூடி?"

"அதான் பாருங்க, கேக்காமலே தரேன்."

சக்கரபாணி யோசித்த நேரத்தில் நடுத்தர நோட்டு இருபத்தெட்டு ரூபாய்க்கு அவள் பைக்குள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவள் ஆட்களோடு எஸ்டேட்டுக்குப் போனபோது, மூன்றாவது ட்ரக்கின் பக்கத்தில் பக்கத்துக் கொட்டகை மாயவன் தன் சரக்குப் பலகைகளோடு தயாராக நின்றிருந்தார். போன மாதம் அவளுடைய முறையில் வெந்தது அவர் சரக்குதான்.

"வந்துட்டியா?" என்றார், கொஞ்சம் மனசு உடைந்து.

"வர மாட்டேன்னு பலகையோட வந்து நிக்கிறீங்களா? எழுதியிருக்குது பாருங்கண்ணே." நோட்டை விரித்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "எங்க வூட்டுக்காரராலயும் கிழிக்க முடியாது. நூலு போட்டுத் தெச்சது."

பழமலைநாதன் சிரித்துக்கொண்டே ட்ரக்கின் கொக்கியைக் கழற்றினார். மாயவன் பலகைகளைத் தூக்கினார். ஃபியூஸ்கள் தட்டுத் தட்டாக ஏறின. பேனா ஸ்டாண்டுக்கு இடமில்லை. அது உண்மை. இடம் இருந்திருந்தால் வைத்திருப்பாளா என்பது தனிக் கேள்வி.

சொன்ன தேதிக்குப் புதுச்சேரிக்குச் சரக்கு போனது. கடைக்காரர் அடுத்த ஆர்டரையும் போனிலேயே சொன்னார். மேலும் இரண்டு சூளை முறை போன பிறகு, ஒரு மாலை வேல்விழி நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைக் கூட்டிப் பார்த்தாள்.

புள்ளி ஏழு. பெருக்கல் ஆறு. அம்பு ஒன்று, மூன்றாவது தடவையாக: சக்கரபாணி அண்ணன், பேனா ஸ்டாண்டு, மூடியோடு.