மிதுசா கீறிய ஆவிக் காதலன்

பெண்பிள்ளைகளுக்கான ஜப்பானிய மங்காவில் காதலிக்க வசதியானவன் செத்துப்போனவன்தான். அவனுக்கு முகத்தில் பரு வராது. வேறு பெண்ணைத் திரும்பிப் பார்க்க மாட்டான். கொட்டும் மழையிலும் நனையாமல் ஜன்னலருகே வந்து நிற்பான். பதினோராம் வகுப்பு மிதுசா இந்தச் சித்திரக் கதைகளைக் கரைத்துக் குடித்தவள். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் தன் பள்ளிக்கூட விழாவுக்கு அவளும் படம் கீறி ஒன்று அச்சடித்தாள். அவளுடைய கதாநாயகன் சைக்கிளில் போகும்போது லொறி மோதிச் சாகிறான், ஆவியாக வந்து ஒருத்தியைக் காதலிக்கிறான், கடைசியில் ஒரு முத்தத்தோடு காற்றில் கரைந்துபோகிறான். வகுப்புப் பெண்கள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்கள். மிதுசாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கதாநாயகனின் முகத்தை மட்டும் அவள் யாரிடமும் கேட்காமல் எடுத்திருந்தாள். அது அவள் சிநேகிதி லக்சிகாவின் அண்ணன் வினோஜனுடைய முகம். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறும் வாய், புருவத்தில் சின்ன வெட்டு, எல்லாம் அச்சு அசல். இரண்டு வருடத்துக்கு முன் வேலை பழகப் போகும் வழியில், சைக்கிளில் லொறி மோதித்தான் வினோஜன் செத்தான். வேறொரு சாவை யோசிக்கக்கூட இந்தப் பெண்ணுக்குச் சோம்பல்.

ஒரு சனிக்கிழமை லக்சிகாவின் தாய் கமலாம்பிகை டெலிபோன் எடுத்தார்.

"பிள்ளை, நீ கீறின புத்தகம் லக்சியின்ர கட்டில்ல கிடந்தது. ஒருக்கா வீட்டை வந்திட்டுப் போ."

"ஓம் அன்ரி, வாறன்."

ட்ராமில் ஏறினாள். மன்னிப்புக் கேட்க எத்தனையோ வசனம் யோசித்தாள், ஒன்றும் வாய்க்கு வரவில்லை. செத்த பிள்ளையை வைத்துப் பிறரை அழவைத்துக் கைதட்டு வாங்கியவள், அவனைப் பெற்றவளிடம் எதைச் சொல்லுவது?

கமலாம்பிகை தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார். லக்சிகா மூலையில் ஃபோனைப் பார்த்தபடி இருந்தாள்.

"அன்ரி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் உங்களிட்டக் கேட்டிருக்க வேணும்."

"பொறு பிள்ளை."

அவர் புத்தகத்தைத் திறந்ததும் மிதுசா திடுக்கிட்டாள். மங்காவை வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். அவளும் அந்த முறை பிசகாமல்தான் அச்சடித்திருந்தாள். கமலாம்பிகையோ தமிழ்ப் புத்தகம் போலத் திறந்திருந்தார், அதாவது கதையின் முடிவிலிருந்து. ஜெர்மன் எழுத்தை அவர் பார்க்கவேயில்லை. விரல் படங்களில் மட்டும் ஓடியது.

"முதல்ல ஒண்டுமில்லை, வெறுங் காத்து. பிறகு காத்துக்குள்ளயிருந்து வாறான். இந்தப் பிள்ளை முத்தம் குடுக்குது, அவனுக்கு மெல்ல மெல்ல உருவம் வருது. இஞ்சை லொறிக்குக் கீழ கிடக்கிறான். பாக்க ஏலாமல் மூடி வைச்சிட்டன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு அடுத்த பக்கம் பாத்தன். என்ர பிள்ளை எழும்பிச் சைக்கிளில போறான். சிரிச்சுக்கொண்டு போறான்."

அது மிதுசா கீறிய முதல் பக்கம்.

"வாற சனமெல்லாம் அவன் செத்த கதையைத்தான் கதைக்குது. அவனை எழுப்பிவிட்டது நீ ஒருத்திதான்."

மிதுசாவின் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவர் மகன் இன்னொரு தரம் சாவான். சொல்லாவிட்டால் செய்யாத நன்மைக்கு நன்றி வாங்கிக்கொண்டு போக வேண்டும். "ஓம் அன்ரி" என்று மட்டும் சொன்னாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாசல்வரை லக்சிகா வந்தாள்.

"அம்மாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை."

"சொல்லமாட்டன். லக்சி, உனக்கு என்னில கோவமோ?"

லக்சிகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா பிழையான பக்கத்தால பாத்தவ. நான் சரியான பக்கத்தால வாசிச்சனான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.