முதல் படமும் கடைசிப் படமும்

“அவகிட்ட சொல்லு, அந்த ஜன்னல் கம்பியில சாய வேண்டாம்னு. துரு ஒட்டும்” என்றாள் அக்கா.

அந்த ‘அவள்’ கை நீட்டினால் தொடும் தூரத்தில், அதே ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அம்பயர் தங்கையின் பக்கம் திரும்பி, “துரு ஒட்டுமாம்” என்றான். “ஒட்டினா ஒட்டட்டும்னு சொல்லு” என்றாள் அவள். அவன் அக்காவின் பக்கம் திரும்பி, “ஒட்டினா ஒட்டட்டுமாம்” என்றான். ஐந்து வருடமாக இதே பிழைப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்.

அம்பயர் என்பது அப்பா வைத்த பெயர். நடுவில் பிறந்தவன், அக்காவும் தங்கையும் மயிரைப் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் நடுவில் போய் நின்று இரண்டு பேரிடமும் அடி வாங்குகிறவன். சின்னவளுக்கு வாலு என்று பெயர். அது யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை, பார்த்தவுடனே எவருக்கும் அந்தப் பெயர்தான் தோன்றியிருக்கும். அக்காவுக்கு மட்டும் செல்லப் பெயர் கிடையாது. அவள் பிறக்கும்போதே அக்காவாகப் பிறந்தவள்.

மறுநாள் காலையில் வீட்டை வாங்கியவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். சாமான்கள் எல்லாம் போய்விட்டன. கூடத்தில் இரண்டு அட்டைப் பெட்டிகள், ஒரு நாற்காலி, சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு நீளமான படம், அவ்வளவுதான் மிச்சம். அம்பயருக்குக் கவலை வீடு போவது பற்றி அல்ல. இந்த வீடு இருக்கிற வரைக்கும்தான் இரண்டு பேரும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். வரி கட்டணும், ஓடு உடைஞ்சிருக்கு, குழாய் ஒழுகுது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அவன் வருடத்துக்கு ஒருமுறையாவது வரவழைத்துவிடுவான். நாளைக்குப் பிறகு எந்தக் குழாய் ஒழுகும்? இன்றைக்கு விட்டால் இனி இவர்களை ஒரே இடத்தில் பார்க்கவே முடியாது என்று அவனுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது.

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை, சுடுசொல்லும் இல்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வாலுவுக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி, எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம். அக்கா ஒரு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். எது முடியும், எது முடியாது என்று நொடியில் முடிவெடுத்துப் பழகியவள். “அம்மா நல்லாத்தான் இருக்காங்க, நீ ஒண்ணும் கவலைப்படாதே” என்று கடைசி நாள் வரைக்கும் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வாலுவுக்குத் தெரிந்தது. நான் செய்தது சரி என்பாள் ஒருத்தி, என் அம்மா முகத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டாள் என்பாள் இன்னொருத்தி. இரண்டும் உண்மை. அதனால்தான் இத்தனை வருடம் ஓடியது. ஒரு பக்கமாவது பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

சுவரில் இருந்த படம் அப்பா எடுத்தது. மொட்டை மாடியின் நடுவில் நின்றுகொண்டு, ஒரு படம் எடுப்பார், கொஞ்சம் திரும்புவார், இன்னொன்று எடுப்பார். இப்படி ஒரு ஃபிலிம் ரோல் முழுவதையும் தீர்த்து, பிரிண்ட்டுகளை வரிசையாக ஒட்டிக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். ஒட்டிய இடங்கள் ஒன்றுகூடச் சேராது. தண்ணீர்த் தொட்டி இரண்டாகப் பிளந்து நிற்கும். தொட்டிப் பக்கத்தில் நிற்கும் அம்பயருக்கு மூன்று காதுகள். இடது கோடியில் அக்கா, வாலு ஓடிவிடாமல் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிடித்து என்ன பயன்? வலது கோடிப் படத்திலும் அதே வாலு, அதே பல் விழுந்த சிரிப்புடன் நிற்பாள். கையை உருவிக்கொண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஓடிப்போய் அங்கேயும் நின்றுவிட்டாள்.

அதில் அம்மா இல்லை. அம்மா மாடிப்படிக் கதவருகே முகம் கழுவி, தலை வாரி, தன் முறை வரும் என்று நின்றுகொண்டிருந்தாள். அப்பா அந்தப் பக்கம் திரும்புவதற்குள் ரோல் தீர்ந்துவிட்டது. “அடுத்த ரோல்ல முதல் படமே நீதான்” என்று அப்பா சத்தியம் செய்தார். அடுத்த ரோல் வரும்போது மழைக்காலம் வந்தது, அதற்கப்புறம் கேமரா ரிப்பேருக்குப் போனது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். யாராவது வந்து படத்தைப் பார்த்தால், “நான் நின்ன பக்கம் மட்டும்தான் உலகத்துலயே இல்ல, பாருங்க” என்பாள். அந்தச் சிரிப்பு அம்பயருக்கு இன்றைக்கும் கேட்கிறது.

அப்பா காலை மாற்றி மாற்றி வைத்துத் திரும்பிய வேலையைத்தான் மகன் இப்போது தொழிலாகச் செய்கிறான். ஹோட்டல், மண்டபம், விற்பனைக்கு வரும் வீடு என்று சுற்றிலும் படமெடுத்து ஒன்றாகத் தைத்துக் கொடுப்பது. கால் வலிக்கத் திரும்ப வேண்டியதில்லை. முக்காலியின் மேல் ஒரு ரோபோ தலை இருக்கிறது. கேமராவை அதன் கையில் மாட்டி, ஆரம்பிக்கும் இடத்தைக் காட்டிவிட்டால் போதும். மேலே பார்த்து ஒன்று, நேரே பார்த்து ஒன்று, குனிந்து ஒன்று, பிறகு கொஞ்சம் திரும்பி மறுபடியும் மேலே. ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும்படி பார்த்துக்கொள்ளும். அந்த ஏற்றத்தை வைத்துத்தான் தையல். எடுக்கிறவன் படத்தில் விழாமல் இருக்க, அது திரும்பத் திரும்ப அதன் முதுகுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருக்க வேண்டும்.

“அப்பா விட்ட பக்கத்தையும் சேர்த்து ஒரு முழுப் படம் எடுத்துக்கலாம். மூணு வீட்டுலயும் மாட்டலாம்” என்று அவன் ஒரு மாதமாகக் கெஞ்சித்தான் இருவரும் வந்திருந்தார்கள். இப்போது நிற்க வேண்டிய நேரம் வந்ததும் அக்கா கையைக் கட்டிக்கொண்டாள்.

“நான் முதல் படத்துல நின்னுட்டுக் கீழ வந்துடறேன். எனக்கு வேலை இருக்கு.”

“அப்ப நான் கடைசிப் படத்துல. இந்தக் கோடி அவங்க, அந்தக் கோடி நான். சரிதானே?” என்றாள் வாலு.

“அதான் நல்லது” என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

அம்பயர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். இவர்கள் மனதில் இருப்பது அப்பாவின் படம். அதற்கு இரண்டு கோடி உண்டு. அவன் எடுக்கப்போவதோ முழுச் சுற்று. அதில் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளிகூடக் கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற இரண்டு பேரும் தாங்களாகவே போய்க் குழியில் விழுகிறார்கள். அவர்கள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

மாடியில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. துணிக்கொடி இல்லாத கம்பங்கள் மட்டும் நின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவன் யோசிக்கவே இல்லை. மாடிப்படிக் கதவை நோக்கிக் கேமராவைத் திருப்பி வைத்தான். அக்கா கதவுக்கு வலப்பக்கம், ஸ்கூல் பிரேயரில் நிற்பதுபோல விறைப்பாக நின்றாள். ரோபோ நிமிர்ந்தது, குனிந்தது, திரும்பியது. “முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக்கூட நிற்காமல் கதவுக்குள் இறங்கிப் போனாள். அவன் கேமராவுக்குப் பின்னால் மெல்ல நடந்துகொண்டே கீழே பார்த்துக் குரல் கொடுத்தான். வாலு ஏறி வரும் சத்தம் கேட்டது. அந்தப் படிக்கட்டில் ஒரு ஆள்தான் தாராளமாகப் போகலாம். இறங்கும் செருப்பும் ஏறும் செருப்பும் பாதி வழியில் நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். துணி சுவரில் உரசும் சத்தம் மட்டும் வந்தது. இருவரும் சுவரோடு சுவராக ஒட்டி வழி விட்டிருக்க வேண்டும். பிறகு செருப்புகள் அவரவர் வழியில் போயின. அவனுக்கு அழுகை வந்தது, அசிங்கமாக இருக்கும் என்று அடக்கிக்கொண்டான்.

“எங்கே நிக்கட்டும்ணா?”

“கதவுக்கு இந்தப் பக்கம். இடப்பக்கம். ஆங், அங்கயே.”

கீழே வந்து அட்டைப் பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்துத் தைக்க உட்கார்ந்தான். இயந்திரம் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு காரியம் செய்துவிட்டது. கதவின் இடப்பக்கச் சுவர் இரண்டு முறை பதிவாகியிருந்தது. முதல் படத்தில் வெறும் சுவர், கடைசிப் படத்தில் வாலு. ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாத ஆளைப் பேய் என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடுவது அதன் வழக்கம். வாலுவின் ஒரு தோளும் ஒரு செருப்புக் காலும் மட்டும் மிச்சம் நின்றன.

பெட்டிக்குக் கயிறு தேடி எடுத்துக்கொண்டு பின்னால் வந்த அக்கா நின்றாள்.

“ஐயோ, இவ எங்கடா? பாதிதான் இருக்கா!”

“துடைச்சிடுச்சுக்கா. அவ அங்க இல்லன்னு நெனச்சுக்கிச்சு.”

“என்னடா பேச்சு இது? இங்கதானே இருக்கா! கொண்டா அவளை, சீக்கிரம்!” அவள் குரலில் இருந்த பதற்றத்தை அவளே கேட்டுவிட்டாள்போல. ஆனால் நகரவில்லை.

அந்தச் சத்தத்துக்கு ஜன்னலோரம் இருந்த வாலுவும் வந்து அண்ணனின் மறு தோளருகே நின்றாள். அவன் எது வேண்டும், எது வேண்டாம் என்று கையாலேயே தேய்த்துக் காட்ட, சுவருக்குள்ளிருந்து வாலு கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள். முதலில் கை, பிறகு கழுத்து, பிறகு முகம். கண்ணை மூடியிருந்தாள். படத்தை அவன் விரலால் சுழற்றி இரண்டு முனைகளையும் சேர்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்.

“நான் கடைசியில தானே நின்னேன்?” என்றாள் வாலு.

“சுத்தி வந்தா ரெண்டும் ஒரே இடம்தான். நீங்க கேக்கல.”

அந்த நடு இடத்தைத்தான் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது, அவ்வளவுதான். முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றவளுக்கு அந்த இடம் சரியாக இருந்திருக்கும்.

“அம்மா என்னைக் கேட்டாங்களான்னு கேளு” என்றாள் வாலு, மிக மெதுவாக.

அம்பயர் திரும்பவில்லை. “நீயே கேளு. அம்பயர் ரிட்டயர் ஆயாச்சு.”

கேட்கும் வரைக்கும் அக்கா காத்திருக்கவில்லை. “தினமும் கேட்டாங்க. அவ நாளைக்கு வரான்னு தினமும் சொன்னேன். கடைசி நாள் என்னைத்தான் நீன்னு நெனச்சுக்கிட்டாங்க. வந்துட்டியான்னு கேட்டாங்க. வந்துட்டேம்மான்னு சொன்னேன்.” கையில் இருந்த கயிற்றை அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். “உனக்கோ வயித்துல இருந்ததுக்கோ ஏதாவது ஆயிருந்தா, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“தெரியும்க்கா. தெரிஞ்சும் ஆற மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?”

அக்கா கயிற்றை நாற்காலியில் போட்டாள். “டேய், மறுபடியும் எடு. வெளிச்சம் போறதுக்குள்ள. இதுல இவ கண்ணை மூடிட்டா” என்றாள். படியேறப் போனவள் திரும்பி, “நீயும் படத்துல நில்லு. சுத்தறது அதுதானே, நீ எதுக்குப் பின்னாடியே அலையற?” என்றும் சொன்னாள்.

“நான் நடுவுலயே நின்னுக்கறேன். பழக்கமாயிடுச்சு.”

இந்த முறை இருவரும் கதவின் இரு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி நின்றார்கள். “சுத்தி முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அசையக் கூடாது. கடைசிப் படமும் உங்களைத்தான் எடுக்கும்” என்று சொல்லிவிட்டு ஓடவிட்டான். ரோபோ அவர்களைப் பார்த்து நிமிர்ந்து, குனிந்து, திரும்பியது. அவன் அதன் முதுகோடு நடந்தான். பாதிச் சுற்று வந்ததும் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியருகே, மூன்று காதுள்ள பையன் நின்ற அதே இடத்தில் நின்றான்.

கேமராவின் கண் இப்போது அவன்மேல் இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால், அது பார்க்க முடியாத இடத்தில், கதவும் அவர்களும் தெரிந்தார்கள். வாலுவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் நேராகப் பார்த்தபடி நின்றாள். பிறகு கதவைக் கடந்து அந்தப் பக்கம் போய், தங்கையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே ஜன்னல் கம்பியின் துரு நீளமாக ஒட்டியிருந்தது.

“சொன்னேன் இல்ல?” என்பது காற்றில் வந்து விழுந்தது.

கட்டை விரலை நாக்கில் தொட்டு அவள் அந்தத் துருவைத் தேய்க்க ஆரம்பித்தாள். வாலு கையை உருவிக்கொள்ளவில்லை. அசையாதே என்று கத்த வேண்டியவன் வாயைத் திறக்கவில்லை, கேமராவைப் பார்க்கவும் மறந்துபோனான். ரோபோ அவனை நிமிர்ந்து ஒருமுறை, நேராக ஒருமுறை, குனிந்து ஒருமுறை எடுத்துக்கொண்டு, கதவுப் பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.