ஏழாம் நம்பர் காட்டின் வயது

வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. வீரம்மா ஆபீஸ் படிக்கட்டில் இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து, மற்றதை இழுத்துக்கொண்டுதான் ஏறினாள். கிளென்மார்கன் பக்கத்து ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் கொழுந்துக் கூடை சுமந்த கால்.

அவளிடம் பிறப்புச் சான்று இல்லை. அதனால் போன மாதம் ஊட்டியில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் பல்லைப் பார்த்தார், மணிக்கட்டையும் முழங்காலையும் படம் எடுத்தார், ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தார். ஐம்பத்தெட்டு என்றால் ஓய்வு வயது, வேலை போச்சு. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். புருஷன் செத்துப் பத்து வருஷம், பிள்ளை இல்லை, போக வேறு இடமும் இல்லை.

"எனக்கு அம்பத்தொண்ணுதானுங்க," என்றாள் கிளார்க் ஜஸ்டஸிடம். "ஏழாம் நம்பர் காட்டுல நாத்து நட்ட அன்னிக்குத்தான் எங்கம்மா என்னையப் பெத்தா. குழி வெட்டிக்கிட்டு இருந்தவளுக்கு அங்கயே வலி வந்துருச்சு. அந்தக் காட்டு போர்டுல வருசம் எழுதியிருக்குதுங்க. நாப்பத்தெட்டு. இப்ப தொண்ணூத்தொம்பது. கணக்குப் போட்டுப் பாருங்க."

"போர்டுல செடிக்குத்தானே வருசம் போட்ருக்குது. நீங்க அன்னிக்குப் பொறந்தீங்கன்னு யாராச்சும் சாட்சி இருக்காங்களா?"

அம்மா, அப்பன், தொப்புள்கொடி அறுத்த மூக்கம்மா, பக்கத்துக் குழியில் நின்ற கந்தன். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். எல்லோரையும் புதைத்தாகிவிட்டது. அவள் பிறந்ததைப் பார்த்த ஒரு ஆள் இந்த உலகத்தில் மிச்சமில்லை.

"செடிதானுங்க இருக்குது."

ஜஸ்டஸ் சிரித்துவிட்டார். "செடியக் கூட்டிக்கிட்டு வந்து கைநாட்டு வெக்கச் சொல்லுங்கக்கா." சிரித்தது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினார். "எலும்பு பொய் சொல்லாதுங்களே."

"எலும்பு வயசைச் சொல்லலீங்க. சொமந்ததைச் சொல்லுது."

அவர் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி, கணக்கு முடிக்கும் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். "மாசக் கடைசி வரைக்கும் ஊட்டுல இருந்துக்குங்க."

திரும்பும் வழியில் ஏழாம் நம்பர் காட்டில் நின்றாள். அவள் வயதுச் செடிகள், நேற்று முளைத்ததுபோல் கொழுந்து விட்டிருந்தன. இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும் என்பார்கள். ஏன் நிற்காது? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, உரம் போட்டு, மூன்று மாதம் யாரும் கைவைக்காமல் விட்டுவிடுகிறார்கள். கரு கலைந்த மூன்றாம் நாளே வீரம்மா கூடையை மாட்டினாள். அவளையும் மூன்று மாதம் விட்டிருந்தால் இந்தக் கால் மடங்கியிருக்கும்.

மேட்டில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடை போடும் நேரம் நெருங்கிவிட்டது. ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூடை இல்லாத முதுகு குளிர்ந்தது. பெருவிரலில் மை காயவில்லை. அதைச் சேலையில் துடைக்காமல் அப்படியே நடந்தாள். மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது. எஸ்டேட் அவளுக்கு ஏழு வருஷம் பாக்கி வைத்திருந்தது.