மேலே வராத பெடல்

திங்கட்கிழமை கோர்ட்டுக்கு அம்பாசடரில்தான் போவேன் என்று வெங்கடேஸ்வரன் ஒற்றைக் காலில் நின்றார். மகன் ஹரிபிரசாத் மேல் நடக்கிற வழக்கில் அவர் அரசுத் தரப்புச் சாட்சி. வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஓட்டினவன் மேல்தான் குறை என்று கூண்டேறிச் சொல்வதோடு நிற்காமல், அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் நிறுத்திவிடவும் அவருக்கு ஆசை. பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகும்போது இந்த ஊர்வலம் வேறு எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. கேட்டிருக்கக்கூடிய ஒருத்தி, அவர் மனைவி அபயாம்பாள், பத்து மாதத்துக்கு முன் அதே காரின் முன்சீட்டில் செத்துப்போனாள்.

ஊருக்கு வெளியே சாஸ்வட் பக்கம் ஒரு கோயிலுக்குப் போய்விட்டு அம்மாவும் மகனும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திவே காட் மலையிறக்கத்தில், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் கார் போய் மோதியது. ஹரிக்கு விலா எலும்பு இரண்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சு விட முடியாமல் கிடந்தபடி அவன் அப்பாவிடம் சொன்னான்: "மிதிச்சேம்பா. பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. வண்டி நிக்கல. அதுக்கு முன்னாடியே ஏதோ கருகுற வாசனை வருதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே வந்துச்சு."

"என் பிரேக்கக் குத்தம் சொல்லாதே. அத நான் என் கையால பார்த்தவன்" என்றார் வெங்கடேஸ்வரன். பெண்டாட்டியின் உடல் கீழே பிணவறையில் இருந்தபோது சொன்னார். வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி இரண்டு நாள் கழித்து பெடலை மிதித்துப் பார்த்தார், பிரேக் பிடித்தது. போதாததற்கு, வண்டியில் குறை இல்லை என்று வெங்கடேஸ்வரனும் போலீஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு முகத்தைத் திருப்பியவர்தான், அதற்கப்புறம் மகனோடு பேசவில்லை.

அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? முப்பத்தாறு வருஷம் பீரங்கி செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் முடுக்கிய போல்ட்டை மேலதிகாரி மறுபடி சோதித்ததில்லை. அந்தப் பெருமை ஆளோடு வீட்டுக்கு வந்து காரிலும் ஏறிக்கொண்டது. எழுபத்து நான்காம் வருஷத்து வண்டி. வாங்கிய நாளிலிருந்து இஞ்சின் பக்கம் வேறு ஒருவர் கை பட விட்டதில்லை. மோதியதில் நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்த மட்டும் வெளியே கொடுத்தார். வண்டி வந்தபின் தார்ப்பாய் போட்டு மூடி கோர்படியில் தன் வீட்டு வாசலிலேயே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தார்ப்பாயை விலக்கி ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் சமர்த்தாக எழுந்தது. கிளட்சை மிதித்து கியர் போட்டார். காலை எடுத்தார். பெடல் மேலே வரவில்லை. இஞ்சின் கத்தியதே தவிர வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. கீழே படுத்துப் பார்க்க முட்டி மடங்காத வயசு. வேறு வழியில்லாமல், ரயில்வே காலனிக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் அந்தோணிக்கு போன் போட்டார்.

அந்தோணி சனிக்கிழமை காலை பையோடு வந்தான். ஐம்பதைத் தாண்டியவன், அதிகம் பேசாதவன். பெடலைக் காலால் மேலே தூக்கிவிட்டான், மறுபடி மிதித்தான். போனது போன இடத்திலேயே கிடந்தது.

"பிளேட் ஒட்டிக்கிச்சு. வண்டிய எடுத்து பத்து மாசமாச்சு, சும்மா நின்ன காடி" என்றார் வெங்கடேஸ்வரன்.

"பாத்துரலாம்ணே." அந்தோணி அடியில் புகுந்தான். "நீங்க மிதிங்க... இப்ப விடுங்க."

கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் சின்ன சிலிண்டரிலிருந்து ஒரு கம்பி நீண்டு கிளட்சைத் தள்ள வேண்டும். காலை எடுத்ததும் உள்ளே போக வேண்டும். நீண்டது, திரும்பவில்லை. காற்று எடுக்கிற திருகை அந்தோணி அரைச் சுற்று தளர்த்தினான். எண்ணெய் சீறிக்கொண்டு வந்தது, கம்பி சடக்கென்று உள்ளே போயிற்று.

"பிளேட்டும் ஸ்பிரிங்கும் நல்லாத்தான் இருக்கு. போன ஆயிலு மேல திரும்பி வர மாட்டேங்குது. மேல சிலிண்டர்ல வழி அடைச்சிருக்கு" என்றான். வெளியே வந்தபோது விரல்களை விரித்துக் காட்டினான். ஒட்டியிருந்த எண்ணெய், கிளட்ச் ஆயிலுக்கு இல்லாத சிவப்பாக இருந்தது. "இதுல என்னண்ணே ஊத்துனீங்க?"

"என்னடா கேள்வி இது? ஆயிலுதான். ஃபேக்டரி மால். பீரங்கிக்கு ஊத்துறது. ரிட்டயர் ஆகறப்ப பசங்க ஒரு டின்னு கொடுத்தானுங்க. கடையில விக்கிறதெல்லாம் டூப்ளிகேட்டு, தெரியுமில்ல?"

அந்தோணி பெடலோடு சேர்ந்த மேல் சிலிண்டரைக் கழற்றினான். உள்ளே இருந்த ரப்பர் கிண்ணத்தை எடுக்கக் குறடு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. பையிலிருந்து புது ரப்பர் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். பழையது ஊறவைத்த கொண்டைக்கடலையாகப் பெருத்து, கொழகொழவென்று இருந்தது.

"இந்த ரப்பர் பிரேக் ஆயிலுக்குன்னு செஞ்சதுண்ணே, கிளட்ச்சுக்கும் அதே ஆயிலுதான். நீங்க ஊத்துனது மினரல் ஆயில், அது பட்டா ஊதிரும். ஊதிப்போயி, ஆயிலு திரும்பி வர்ற ஓட்டைய மூடிக்கிச்சு." கையைத் துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "எப்ப ஊத்துனீங்க?"

"போன மார்ச்சுல."

"கிளட்ச்சுக்கு மட்டுமா?"

இரும்பைப் பற்றி வெங்கடேஸ்வரனுக்குத் தெரியாதது இல்லை. ரப்பரைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. தொழிற்சாலையில் அந்த எண்ணெய்க்கென்றே செய்த ரப்பர் வந்து இறங்கும், அவர் பொருத்துவார், அவ்வளவுதான். ஆனால் ஃபிட்டர் ஃபிட்டர்தானே. அந்தோணி மீதியைச் சொல்வதற்கு முன்னாலேயே அவர் மூளை அதைப் பொருத்தி முடித்துவிட்டது. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே நாள், ஒரே டின். மார்ச் முதல் வாரம் ஊற்றினார். இருபதாம் தேதி அபயாம்பாள் கோயிலுக்குப் போனாள்.

"சக்கரத்தக் கழட்டு" என்றார்.

"வேணாம்ணே. கிளட்ச முடிச்சுக் கொடுத்துர்றேன்."

"கழட்டுங்கறேன்ல!"

முன்சக்கரத்தையும் அதன் பின்னால் இருக்கும் பிரேக் டிரம்மையும் கழற்றினான். டிரம் உள்பக்கம் தீயில் வாட்டியது போல நீலம் பாரித்திருந்தது. டிரம்மை உரசிப் பிடிக்க வேண்டிய லைனிங் கருகி, பளபளவென்று இறுகிப்போயிருந்தது. பிரேக்கின் மேல் சிலிண்டரிலும் அதே பெருத்த ரப்பர். இனி விளக்கம் தேவைப்படவில்லை. ஒருமுறை மிதித்த பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. இறக்கத்தில் சூடேறி எரிந்திருக்கிறது. எரிந்த லைனிங்கை எவ்வளவு மிதித்தாலும் பெடல்தான் கல்லாக நிற்கும், வண்டி நிற்காது. ஆறிய பிறகு மிதித்த அதிகாரிக்குப் பிடித்திருக்கிறது. ஹரி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

வெங்கடேஸ்வரன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தோணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், அவர் வாங்கவில்லை.

"எல்லாத்துக்கும் புது ரப்பர் போட்டு, லைனிங் மாத்திட்டா சாயங்காலம் காடி ஓடும்ணே" என்றான் அந்தோணி மெல்ல. "பழசத் தூக்கிப் போட்டுர்லாம். நான் யார்கிட்டயும் பேசப்போறதில்ல. அக்காவும் போய்ச் சேந்துருச்சு. இனிமே தெரிஞ்சு யாருக்கு என்ன?"

வாய் கூசாமல் சரி என்று சொல்லியிருப்பார். உண்மையைச் சொல்வதானால், அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கட்டினவளைக் கொன்றவன் என்று தெரிந்துகொண்டு மீதி நாளைத் தனியாகத் தள்ளுவது கொடுமைதான். ஊருக்கும் தெரிய வேண்டுமா? மகன் எப்படியும் பேசுவதில்லை. அப்படியே போகட்டுமே. இதையெல்லாம் அவர் நினைத்தார். நினைத்தபோதே தன்மேல் அருவருப்பு வந்தது.

"ஒண்ணையும் தொடாதே. கழட்டுனது கழட்டுனபடி கெடக்கட்டும். திங்கக்கெழம வந்து கோர்ட்டுல சொல்லுவியா?"

"நீங்க சொன்னா நானும் வந்து சொல்லுவேன்."

ரிக்‌ஷா பிடித்து, ஹரி குடியிருக்கும் வாகட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். சட்டையைப் பிடிப்பான், பிடிக்கட்டும். கொலைகாரன் என்பான், சரிதானே. எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து நிற்பது என்று முடிவு செய்தார்.

ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்த மருமகள் கிருஷ்ணப்ரியா, வாங்க என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டாள். ஹரி சோபாவில் இருந்தான். தாடி வளர்ந்து பாதியாக இளைத்திருந்தான். அப்பாவைக் கண்டு எழுந்து நின்றான்.

வெங்கடேஸ்வரன் உட்காரவில்லை. "பிரேக்குலதான் கோளாறு. நான் ஊத்துன ஆயிலு. ரப்பர் ஊதி, பிரேக்கு விடாமப் புடிச்சு, லைனிங்கு எரிஞ்சிருக்கு. அந்தோணி கழட்டிக் காட்டுனான். உங்கம்மாவ நான்தான்..." அந்தப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "கோர்ட்டுல இதத்தான் சொல்லப்போறேன்" என்று எப்படியோ முடித்தார்.

ஹரி அவரையே பார்த்தான். சட்டையைப் பிடிக்கவில்லை.

"அப்ப நான் மிதிச்சேனா?" என்றான்.

"என்னடா?"

"பிரேக்கத்தான் மிதிச்சேனா? ஆக்ஸிலரேட்டர் இல்லையே?"

கிருஷ்ணப்ரியாதான் சொன்னாள். "இவரு கால மாத்தி வெச்சிட்டதாத்தான் நெனச்சிட்டிருக்காரு மாமா. அப்பா கை தப்புப் பண்ணாது, அப்ப நான்தான் மிதிச்சிருக்க மாட்டேன்னு. பத்து மாசமா இதே பேச்சுதான். திங்கக்கெழம குத்தத்த ஒத்துக்கறேன்னு வக்கீல்கிட்ட சொல்லிட்டாரு."

தன் காலை நம்பாமல் அப்பாவின் கையை நம்பியிருக்கிறான் பிள்ளை.

"பிரேக்கத்தாண்டா மிதிச்சே" என்றார் வெங்கடேஸ்வரன். "நல்லா அழுத்தித்தான் மிதிச்சிருக்கே. நீ மிதிச்ச."

ஹரி அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குழந்தையைப் போல அழுதான். அம்மா செத்த அன்றுகூட அவன் இப்படி அழுததில்லை. அப்பா மேல் கோபம் வர இன்னும் நாளாகும் போலிருந்தது. இப்போது அவனுக்கு அதற்கு இடமில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா" என்றான்.

வெங்கடேஸ்வரன் சொன்னார்.