பேர் வெட்டிய உருளி

உருளியின் காதில் கயிறு கட்டி, பழைய சாமான் அடுக்கிவைக்கிற கிட்டங்கியின் தூலத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டினேன். கணீரென்று கிளம்பிய சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிருக்கும். என் மனைவி கலையரசி போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். வெண்கலத்தை இணையத்தில் விற்கிறவன் படம் மட்டும் போட்டால் போதாது. ஒட்டு, விரிசல் எது இருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரிந்துபோய்விட்டது. பெங்களூரில் உருளியில் தண்ணீர் ஊற்றி நாலு ரோஜாப்பூவை மிதக்கவிடப் போகிறவருக்குச் சத்தம் எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் வியாபாரம் கெட்டுப்போகும்.

பழைய ஏனம், பாத்திரம் விற்பதில் ஒரு விதி உண்டு. பேர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள் பேர் வெட்டாமல் கொடுப்பதில்லை. கொடுத்தவர் பேர், ஊர், தேதி எல்லாம் விளிம்புக்குக் கீழே வரிசையாக இருக்கும். எங்கள் அப்பாவின் பாத்திரக்கடையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பேர்களை வெட்டியவனே நான்தான். கொடுக்கிறவருக்கு அது கௌரவம். பின்னால் ஒருநாள் விற்க வருகிறவருக்கு அதுதான் தொல்லை. ஆகவே நானும் முறைப்படி பேரைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் மாட்டினேன். ஆனால் கயிற்றில் தொங்குகிற பொருளுக்கு விதியெல்லாம் தெரியாது. தட்டிய வேகத்தில் அது பைய ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சத்தத்தின் சொக்கில் நானும் கவனிக்கவில்லை, கலையரசியும் கவனிக்கவில்லை. அப்படியே ஏற்றிவிட்டேன். 'பழங்கால வெண்கல உருளி, பத்து கிலோ, பதினெட்டாயிரம்.' உருளிக்கு வயது மூன்று. பழங்காலம் என்பது அவரவர் மனசைப் பொறுத்தது.

அதைக் கொண்டுவந்தது பெர்சிஸ் என்ற பெண். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில், சாக்கில் சுற்றி, திருடிய பொருளைக் கொண்டுவருகிறவள் மாதிரி கொண்டுவந்து இறக்கினாள். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமானால் அந்தப் பாஷையில் பரீட்சை எழுத வேண்டுமாம். சனிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இந்தத் தடவை கிடையாது. அடுத்த தடவை வரைக்கும் அங்கே வேலை காத்திருக்காது. வீட்டுக்காரன் கிங்ஸ்டனின் சம்பளம் வீட்டுக் கடனுக்கே சரியாகிவிடுகிறது.

"எங்க பெரியம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது அண்ணாச்சி. என்னைய வளத்தது அவுகதான். இது அவுக கல்யாணத்துக்குக் குடுத்தது."

"எங்கிட்ட வந்தது வெளிய போகாது தங்கச்சி. எவ்வளவு எதிர்பாக்கீங்க?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட இனிமையான வசனம் கிடையாது. எடை போட்டு, உடைசல் வெண்கல விலைக்கு ஏழாயிரம் கொடுத்தேன். அவள் எண்ணாமல் பைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னும் பத்தாயிரம் பெரட்டணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். கலையரசி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. அவ்வளவுதான்.

வீடியோ போட்ட மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. வயதான பெண் குரல், ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல்.

"உருளி விக்கது நீதானா?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"மொதல்ல அந்த வீடியோவ எடு. அஞ்சாவது செகண்டுல என் பேரு வருது."

வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டேன். வீடியோவைப் போட்டுப் பார்த்தால், உருளி சொகுசாகத் திரும்பி, எல்லோரும் படிக்கிற மாதிரி நின்று காட்டுகிறது: அன்பளிப்பு, ஞானையா – இன்பமணி, பாளையங்கோட்டை. என் கையாலேயே ஒரு பெண்ணின் ரகசியத்தை ஊருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். வீடியோவை அழித்தேன்.

பதினோரு மணிக்குக் கிட்டங்கி வாசலில் ஆட்டோ நின்றது. ஆளைப் பார்க்கும் முன்னால் பேரம் கேட்டது. "வண்ணார்பேட்டையில இருந்து இங்கன வர நூத்தம்பதா? நடந்தே வந்திருப்பேன், முட்டு மட்டும் நல்லா இருந்தா. நூறு." ஆட்டோக்காரர் நூறை வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார். நான் எழுந்து நின்றுகொண்டேன்.

இன்பமணி டீச்சர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கஞ்சிபோட்ட சேலை, கையில் குடை. கிட்டங்கியில் இருந்த பழைய பிரிட்ஜ், தையல் மிஷின், கட்டில் எல்லாவற்றையும் வருகைப்பதிவு எடுப்பதுபோல ஒருமுறை பார்த்தார். "நெட்டுல உன் பக்கத்தத் தெனமும் பாப்பேன். எதுவும் வாங்க மாட்டேன். வெலயப் பாத்து ஏசிட்டுப் போன வச்சிருவேன்." பிறகு உருளியின் அருகே போனார். பேர் இருந்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்காமல் கையைப் பின்னால் விட்டு அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தார்.

"யாரு வித்தான்னு நான் கேக்கல."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன் டீச்சர்."

"நல்லது. எவ்வளவுக்கு எடுத்தே?"

எங்கள் குடும்பத்தில் கொள்முதல் விலையைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். எங்கள் அப்பா கண்ணை மூடும்வரை அம்மாவிடம் ஒரு கரண்டியின் அடக்க விலையைச் சொன்னதில்லை. நான் சொன்னேன். ஏழாயிரம். டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ ஜெர்மன் படிக்கான்னு தெரியும். ஞாயித்துக்கிழம கோயில் விட்டு எங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவா. ரசம் ஊத்தயிலகூட வாய்க்குள்ள என்னத்தையோ மொணங்கிக்கிட்டே இருப்பா. பணம் கட்டணும்னு மட்டும் சொல்லல. நான் குடுத்தா வாங்க மாட்டா தம்பி. கல்யாணத்துக்கே பெரியம்மா எல்லாத்தையும் செலவழிச்சாச்சு, இனி ஒரு பைசா வாங்க மாட்டேன்னு, சபையில சாட்சி சொல்லுத மாதிரி எந்திரிச்சு நின்னு சொன்னவ."

பிறகு பையைத் திறந்தார். "பதினெட்டுதான போட்டிருக்கே? இந்தா, பதினெட்டு."

போட்ட விலையை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் ஒருவர் கொடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. பயந்தது சரிதான். பேரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

"இதுல உன் மொதல் ஏழு. மிச்சம் பதினொண்ணு அந்தப் புள்ளைக்குப் போகணும். நல்ல வெலைக்குப் போச்சுன்னு நீதான் குடுக்கே. இப்ப சொல்லு, உனக்கு எவ்வளவு வேணும்?"

"ரெண்டாயிரம் டீச்சர்." பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"என் பேர ஊரு பூரா சுத்திக் காட்டினதுக்கு நான் உனக்குக் கூலி தரணுமா?"

"ஆயிரம்."

"அந்தப் புள்ள ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து படிக்கா."

"ஐநூறு."

"அந்த ஐநூறும் வேண்டாம் டீச்சர்" என்றாள் கலையரசி, உள்ளேயிருந்து வந்து.

"நீ சும்மா இரும்மா. லாபம் இல்லாம இவன் ஒண்ணு செஞ்சான்னா அவளுக்குச் சந்தேகம் வந்துரும். மொகத்தப் பாத்தா தெரியுதுல்லா." அந்தப் பதினொன்றிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "உருளி இங்கனயே இருக்கட்டும். வீட்டுல வச்சா அவ பாத்துருவா. எங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டாலும் போச்சு, நேரா அவ வீட்டு வாசல்ல போயி நிப்பாரு. அவ பிளேன் ஏறின பொறவு நான் வந்து எடுத்துக்கிடுதேன்."

பெர்சிஸுக்குப் போன் செய்து, நாளைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் அன்றைக்குச் சாயங்காலமே, டூட்டிக்குப் போகிற வழியில், கழுத்தில் அடையாள அட்டை ஆட வந்துவிட்டாள். கொக்கியிலிருந்து இறக்கிய உருளி கிட்டங்கியின் நட்டநடுவில் இருந்தது. ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு சாக்கை விரித்து, மேலே உட்கார்ந்தேன். இத்தனை வருஷ வியாபாரத்தில் பொருளை மறைத்ததுண்டு, குறையை மறைத்ததுண்டு. ஒரு பொருளின் மேல் அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பத்தாயிரத்து ஐநூறை நீட்டினேன்.

"ஏற்கெனவே ஏழு குடுத்துட்டீங்களே அண்ணாச்சி, இது எதுக்கு?"

"அது... எங்க தொழில்ல ஒரு வழக்கம். ரெட்டிப்புக்கு மேல போனா வித்தவங்களுக்குப் பங்கு உண்டு." விலையை ஏற்றுவதற்கு ஆயிரம் பொய் சொன்ன நாக்கு இது. பணம் கொடுப்பதற்கு ஒரு பொய் சொல்ல வேர்த்துவிட்டது.

"அப்படி ஒரு வழக்கமா?"

"எங்க அப்பா காலத்துல இருந்தே." அப்பா மேலே கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டாம் முறை செத்திருப்பார்.

"யாரு அண்ணாச்சி வாங்கினா?"

"நாகர்கோயில்ல ஒரு ஓட்டல்காரரு."

"பேர அழிச்சிருவாரோ?"

"மாட்டாரு. சொல்லித்தான் குடுத்திருக்கேன்."

அவள் நோட்டுக் கட்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்லுததுன்னு தெரியல" என்றாள். எழுந்து கும்பிட்டுப் பதில் சொல்ல வேண்டிய நேரம். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நன்றியில் எனக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். உப்பில்லாமல் பரிமாறிய கலையரசிக்கும், திட்டாமல் விட்ட டீச்சருக்கும் நான்தான் கும்பிடு போட வேண்டியவன்.

"ஏன் அண்ணாச்சி எந்திரிக்கவே மாட்டேங்கீங்க? முட்டு வலியா?"

"ஆமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

நர்ஸிடம் சொல்லக் கூடாத வார்த்தை. உடனே என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, என் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். "இங்கன வலிக்கா? இங்கன?" வலிக்கவில்லை. வலிக்கிறது என்றேன். தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவளின் விரல்கள் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றன. பிறகு பழையபடி பைய அழுத்திவிட்டாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அது முன்பே கலங்கியதா, இப்போது கலங்கியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க அண்ணாச்சி" என்றாள். ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

சத்தம் தேய்ந்ததும் குனிந்து பார்த்தேன். அவள் குத்தவைத்திருந்த பக்கம் சாக்கு ஒரு சாண் ஒதுங்கிக் கிடந்தது. அங்கே, தரையை ஒட்டி, சாயங்கால வெயில் பட்டுத் தலைகீழாக மின்னிக்கொண்டிருந்தது, இன்பமணி.