தொண்ணூறாம் நாளின் விலை

கல்லூரியில் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சராசரி மேடம். முதலாண்டு வகுப்புக்குப் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பத்தொன்பது வருடமாக அதே கணக்குகள். ஆயிரம் பல்புகளில் எத்தனை பழுது, பைக்குள் கையை விட்டால் சிவப்புப் பந்து வர வாய்ப்பு என்ன. பாடப்புத்தகத்துப் பல்பு அணைந்து யார் வீடும் இருண்டதில்லை. விடை தப்பினால் இரண்டு மதிப்பெண் போகும், அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். காலமெல்லாம் இப்படிப்பட்ட கணக்குகளோடு குடித்தனம் நடத்தியவளிடம்தான் தம்பி ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன் மொத்தச் சேமிப்பையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தான்.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவன். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் கடையில் அடுத்தவர் இயந்திரம். இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை, தேய்க்கும் இயந்திரத்தோடு சேர்த்து விலைக்கு வந்திருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். மூன்று மாதம் பொறுக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார். கேட்ட தொகையில் ஐந்தில் நாலு பங்கு தம்பியின் கையில் இருந்தது. ஒரு பங்கு துண்டு விழுந்தது. அவன் மனைவி அதற்குள் அந்த இடத்தை நம்ம கடை என்று சொல்ல ஆரம்பித்து, கண் பரிசோதிக்கும் மூலைக்கு நீலத் துணியில் ஒரு திரைகூடத் தைத்து வைத்துவிட்டாள். அளவு எடுக்கக் கடைக்குள்ளேயே போய் வந்தாளாம்.

அக்காவின் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்கள் மலையாகக் கிடந்தன. அதை ஒதுக்கிவிட்டுத் தம்பி தன் தாளை விரித்தான். அவன் தேய்க்கிற லென்ஸைத் தயாரிக்கும் கம்பெனியின் பங்கைத்தான் வாங்கப் போகிறான். கடைக்கு வருகிற பெட்டிகளைப் பார்த்தாலே தெரிகிறது, அந்தக் கம்பெனிக்கு ஆர்டர் குவிகிறது என்றான். வாங்குவது மார்ஜினில்.

மார்ஜின் என்றால் பெரிய சிதம்பர ரகசியம் ஒன்றுமில்லை. உன் கையில் ஐம்பது இருந்தால் தரகு நிறுவனம் இன்னொரு ஐம்பதைக் கடனாகத் தரும், நூறு கொடுத்துப் பங்கு வாங்கலாம். விலை ஏறினால் ஏறியது முழுக்க உனக்கு. இறங்கினாலும் இறங்கியது முழுக்க உன் தலையில்தான், அவர்களுடைய ஐம்பது அசையாது. பங்கின் மதிப்பில் உன் பணம் நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே போனால் போன் வரும். இரண்டு நாளுக்குள் பணம் கட்டி மறுபடி பாதிக்குப் பாதி ஆக்க வேண்டும். இல்லையென்றால் உன்னைக் கேட்காமலே விற்றுவிடுவார்கள்.

அந்த எல்லையைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நூறுக்கு வாங்கிய பங்கு எழுபத்தொன்றுக்கு வந்தால் போன் மணி அடிக்கும். தம்பி முகத்தைப் பார்த்தாள்.

"ஏறுமான்னு நான் கேக்கலக்கா, அது என் தலையெழுத்து. மூணு மாசத்துல கவுந்துடுமான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவன் நிஜமான கணக்கோடு அவள் வாசலுக்கு வந்திருக்கிறான். இரண்டு வருடத்து விலைகளைக் கணினியில் இறக்கி, தினசரி ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கத்தைப் போட்டாள். ஒரு நாளைக்கு நூற்றுக்கு இரண்டு. மூன்று மாதத்தில் சந்தை திறந்திருப்பது அறுபத்து மூன்று நாள், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய எட்டு, எட்டு இரண்டு பதினாறு; மூன்று மாதத்தில் பங்கு வழக்கமாக ஆடக்கூடிய தூரம் அவ்வளவுதான். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் பேசுகிற அதே குரலில் ஒவ்வொரு படியையும் சொல்லிச் சொல்லிப் போட்டாள். நிகழ்தகவு அட்டவணையில் விரலை ஓட்டி நிறுத்தினாள். எழுபத்தொன்றுக்குக் கீழே போக வாய்ப்பு நூற்றுக்கு நாலுகூட இல்லை என்றாள்.

"அப்போ போடலாமா?"

"கணக்கு போடலாம்னுதான் சொல்லுது."

தம்பி உடனே எழுந்திருக்கவில்லை. அந்தத் தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். வேறு ஏதோ ஒன்றை அவள் சொல்லுவாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவளோ பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். வங்கியில் அவளுக்கு ஒரு வைப்புத்தொகை வருடா வருடம் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. தனியாள், வயதான காலத்துக்கு ஆகும் என்று போட்டது. துண்டு விழுந்த அந்தப் பணத்தை அதிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் பங்கும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். அது அன்றைக்கு அவள் புத்திக்கு எட்டவில்லை என்று அவள் பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொள்வாள். இதைச் சொல்கிற எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. எட்டித்தான் இருக்கும், அவள் திரும்பிப் பார்க்காமல் இருந்திருப்பாள்.

ஐந்து வாரம் பங்கு சொன்ன பேச்சைக் கேட்டது. ஆறாவது வாரம் சந்தை மொத்தமும் சரிந்தது, லென்ஸ் கம்பெனி மற்றவற்றைவிட வேகமாகச் சரிந்தது. அந்த வாரம் வகுப்பில் அவள் ஒரு நீர்த்தேக்கக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். மட்டம் தினமும் இவ்வளவு ஏறி இறங்குகிறது, முப்பதாம் நாள் கரைக்கு மேலே இருக்க வாய்ப்பு என்ன. வகுப்பில் எப்போதும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மேடம், முப்பதாம் நாள் கீழ இருந்தாலும், நடுவுல ஒரு நாள் மேல போயிருந்தா கரை அன்னைக்கே உடைஞ்சிருக்குமே?"

கேள்வியில் அதைக் கேட்கவில்லை, கேட்டதற்கு மட்டும் விடை எழுது என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் கை அப்படியே நின்றுவிட்டது. தம்பிக்கு அவள் போட்டுக் கொடுத்ததும் தொண்ணூறாம் நாளின் விலைதான். கடைசி நாளன்று பங்கு கோட்டுக்குக் கீழே இருக்க வாய்ப்பு நூற்றுக்கு நாலு. ஆனால் தரகு நிறுவனம் கடைசி நாள் வரை கைகட்டி உட்கார்ந்திருக்காது. நடுவில் ஏதோ ஒரு நாள் ஒரே ஒரு முறை கோட்டைத் தொட்டாலே கதை முடிந்தது. அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏழு சொச்சம். கேள்வியைச் சரியாகப் படி என்று ஆயிரம் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதியவள், தம்பியின் கேள்வியை அரைகுறையாகப் படித்திருந்தாள். மீதி வகுப்பை எப்படி நடத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசி பெஞ்சுப் பெண், தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்து, அதன் பிறகு அந்த வருடம் முழுக்கக் கையைத் தூக்கவில்லை.

அன்று சாயங்காலமே தம்பி ஆசிரியர் அறைக்குக் கீழே மாடிப்படியருகில் வந்து நின்றான். விலை எழுபது. போன் வந்துவிட்டது. முதலில் போட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நாளை மறுநாளுக்குள் கட்ட வேண்டும். அவன் பதறவில்லை. வேலை செய்கிற கடையில் சொல்லிவிட்டு வந்ததாகவும், பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்றும் சொன்னான். பிறகுதான் கேட்டான்.

"இப்ப கணக்கு என்னக்கா சொல்லுது?"

அவள் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. அன்றைக்கு மத்தியானம் கண்டுபிடித்ததை அன்றைக்குச் சாயங்காலமே ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. அதுவும் தலைக்கு மேலே படியில் சக ஆசிரியைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அதுவும் சின்ன வயதிலிருந்து அக்காவுக்குத் தெரியாதது இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவனிடம். இனிமேல் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம், யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதுடா என்று மென்று விழுங்கினாள். அது உண்மைதான், உண்மையைச் சொல்லித்தான் தப்பித்தாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, உன்னிடம் ஏதாவது இருக்குமா என்று கேட்டான். தப்பான கணக்கின் பின்னால் தன் வயதான காலத்தையும் கொண்டுபோய்க் கொட்டுவதா என்று ஒரு நொடி நினைத்தாள். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"இல்லடா. கையில எதுவுமே இல்ல."

சரிக்கா என்றான். மத்தியானம் சாப்பிட்டாயா, முகம் வாடியிருக்கிறதே என்று விசாரித்துவிட்டுப் போனான்.

இரண்டாம் நாள் அறுபத்தேழுக்கு விற்றுவிட்டார்கள். கடனும் வட்டியும் தரகும் போக, ஐம்பது போட்ட இடத்தில் பதினைந்து வந்தது. அதற்கப்புறம் அந்தப் பங்குக்கு என்ன வந்ததோ, விற்றதற்குத்தான் காத்திருந்த மாதிரி ஏற ஆரம்பித்தது. தொண்ணூறாம் நாள் நூற்றுப் பதினாலில் முடிந்தது. கடனைக் கழித்த மிச்சத்தில் கடை வாங்க, விலை நூற்றுப் பன்னிரண்டரையைத் தொட்டாலே போதும். அந்த விலையைக் கைபேசியில் பார்த்தபோது அவள் ஆசிரியர் அறையில் இருந்தாள். எழுந்து போய்க் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கடையை வேறொருவர் வாங்கி, கைபேசி உறை விற்கிறார். தம்பி மனைவி நீலத் திரையைப் பிரித்துத் தலையணை உறையாக்கினாள்.

ஒரேயடியாக அவளைத் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. தம்பி அதற்கு நேர்மாறாக இருந்தான். சொந்தக்காரர்கள் யாராவது படித்தவள் பேச்சைக் கேட்டுப் போண்டியாகிவிட்டாயே என்று வாயெடுத்தால் சண்டைக்கே போய்விடுவான். அக்கா நூற்றுக்கு நாலு பேர் என்றாள், அந்த நாலு பேரில் நான் ஒருத்தன், இதில் அவள் தப்பு எங்கே வந்தது என்பான். கடைசி நாள் விலையைப் பார்த்தீர்களா, அக்கா சொன்ன மாதிரிதானே வந்தது என்பான். அவன் அப்படிப் பரிந்து பேசும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது. சராசரி மேடம் என்று எங்காவது காதில் விழுந்தால், முன்பு சிரிப்பு வரும், இப்போது உடம்பு கூசியது.

பத்து மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலையில், கண்ணாடிச் சட்டத்தின் காது கழன்றுவிட்டது என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அவன் வேலை செய்யும் கடைக்கே போனாள். பின்னறையில் இயந்திரம் தண்ணீரைச் சொட்டவிட்டு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சேறு அவன் முழங்கை வரை அப்பியிருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. கடைசி நாள், நடுவில் வரும் நாள், நாலு, ஏழு சொச்சம் எல்லாவற்றையும் அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கேள்வியை நான் தப்பாகப் படித்துவிட்டேன், அது எனக்கு நீ மாடிப்படியருகில் வந்து நின்ற அன்றைக்கே தெரியும் என்றாள். வைப்புத்தொகையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள்.

தம்பி இயந்திரத்தை நிறுத்தினான். துணியை எடுத்துக் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"உன் டெபாசிட் எனக்குத் தெரியும்க்கா. அம்மா போனப்ப நம்ம ரெண்டு பேர் பேர்லயும்தான் போட்டே. பேங்க்லேர்ந்து வருஷா வருஷம் எனக்கும் ஒரு லெட்டர் வருது."

அவள் அதை அடியோடு மறந்துபோயிருந்தாள்.

போன் வந்த அன்றைக்கு, அவளைப் பார்க்க வருவதற்கு முன்பே, இந்தக் கடை முதலாளி பணத்தை எடுத்து மேசைமேலேயே வைத்துவிட்டார் என்று தம்பி சொன்னான். கட்டிவிட்டு வா, மெதுவாகக் கழித்துக்கொள்ளலாம் என்றாராம். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் இவன்தான் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது. ஏன் என்பதையும் அவனே சொன்னான்.

"பணத்தை வச்சுக்கிட்டே நீ இல்லன்னு சொல்றேன்னா, உனக்கே அந்தக் கணக்கு மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். நீயே நம்பாததுல ஊரான் காசை எப்படிப் போடறது? விக்கட்டும்னு விட்டுட்டேன்."

வெளியே கடையில் யாரோ மணியை அடித்தார்கள். வரேங்க என்று குரல் கொடுத்துவிட்டு, அவள் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி, கழன்ற காதைத் திருப்பிப் பார்த்தான்.

"தப்பாப் போட்டுட்டேன்டா, என்ன பண்ணலாம்னு அன்னைக்கு நீ மட்டும் கேட்டிருந்தா, நான் முதலாளி காசைக் கட்டியிருப்பேன்க்கா. இனிமே எப்படிப் போகும்னு யாருக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்னே. ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரின்னு நான் தயாராத்தான் வந்திருந்தேன்."

சின்னத் திருப்புளியால் காதை முடுக்கி, துடைத்து, அவளிடம் நீட்டினான். எவ்வளவு ஆச்சு என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, வந்தவரைக் கவனிக்க வெளியே போனான்.