காரோடு நிற்கிறவர்

1

இது நானாக யோசித்த கதை இல்லை. ஒஸ்லோவின் புருசெத் நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நின்றபோது கமலேஸ்வரி சொன்னது. "எழுதுவியளோ அக்கா?" என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். "எழுதுங்கோ. ஆனா அவரை மட்டும் மோசமா எழுதிப்போடாதேங்கோ" என்றாள். 'அவர்' என்றது அவளுடைய கணவன் குகநேசனை. அந்த ஒரு வேண்டுகோளால்தான் இத்தனை தாள் கிழிந்தது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஐரோப்பாவின் மாமன்னர்கள் வாழ்ந்த அரண்மனைகளை நோக்கி, பொன்னொளி வீசும் கோடைக்காலையில்..." (போதும். பயண முகவரின் விளம்பரம் மாதிரி இருக்கிறது. அவர்கள் புறப்பட்டது தூறல் மழையில். பின்பெட்டியில் சோறு அவிக்கிற குக்கரும் ஒரு வாளி புட்டும் இருந்தன.)

இரண்டாவது: "குகநேசன் நல்ல மனிதர், ஆனால்" (இந்த 'ஆனால்' வந்தவுடன் பேனாவை வைத்துவிட்டேன்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: அந்தக் குடும்பத்தில் நாலு பேர். எங்கே போனாலும் உள்ளே போவது மூன்று பேர்.

2

குகநேசன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். நகரத்து அரண்மனையைக்கூடப் பஸ் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார். கல்யாணம், கோயில் திருவிழா, மகள் துஷாராவின் அரங்கேற்றம், எதுவானாலும் வாசலில் இறக்கிவிட்டு ஒன்றுதான் சொல்லுவார்: "நீங்கள் போங்கோ, நான் காரோடை நிக்கிறன்."

முடிந்து வந்து கமலேஸ்வரி ஏறினதும் கேட்பார்: "என்ன இருந்தது?" அவள் சொல்லுவாள். மணமகளின் சேலைக்கரையில் தொடங்கி, பந்தியில் பாயசம் முடிந்துபோன வரை. அவர் ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டே ஓட்டுவார்.

(இங்கே நீங்கள் ஒரு காரணத்தை எதிர்பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் எதிர்பார்த்தேன். ஊர்ச் சண்டையையும் சோதனைச்சாவடியையும் வைத்து இரண்டு பக்கம் எழுதி, கமலேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். "அப்பிடி ஒண்டுமில்லை அக்கா. ஒரு மண்டபத்துக்குள்ளை போனா, தன்ர கையை எங்கை வைக்கிறதெண்டு அவருக்குத் தெரியாது. ஸ்டியரிங் இருந்தாத்தான் மனுசன்." இரண்டு பக்கமும் போயிற்று.)

3

பயணம் துஷாராவின் ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த கையோடு, அம்மா அப்பாவுக்கு எதையாவது காட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை. டென்மார்க்கில் இரண்டு அரண்மனை, ஜெர்மனியில் ஒன்று, கடைசியில் ஹம்பேர்க் நகரில் பாட்டும் ஆட்டமுமாக ஒரு பெரிய மேடை நாடகம்.

முதல் அரண்மனை ஏரி நடுவே நின்றது.

"அப்பா, வாங்கோவன். ராசான்ர கட்டில் எல்லாம் இருக்காம்" என்றாள் துஷாரா.

"ராசா படுத்த கட்டிலிலை எனக்கென்ன வேலை? போங்கோ பிள்ளை."

"ஸ்லாப் ஆவ், அப்பா" என்றான் மகன் கீர்த்தனன். நோர்வேஜிய மொழியில், பதற்றத்தை விடுங்கள் என்று அர்த்தம். "கார் உங்களை விட்டிட்டு எங்கையும் ஓடாது."

"கார் ஓடாது தம்பி. பார்க்கிங்காரன் ஓடி வருவான்."

கோப்பன்ஹேகனிலும் அதே கதை. எந்த அரண்மனை நல்லது என்று கீர்த்தனன் சீண்டினான். "ரெண்டாவது" என்றார், நிதானமாக. "மரநிழல். டொய்லெட்டும் கிட்ட."

அன்றைக்கு, அரியாசனத்துக்கு முன்னால் மூன்று வெள்ளிச் சிங்கங்கள் நின்றதைக் கமலேஸ்வரி காருக்குள் விவரித்தாள்.

"சிங்கங்கள் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குதுகள்?"

அவள் அதைக் கவனிக்கவில்லை. நேரில் பார்த்த தன்னைவிட, கேட்கிற இந்த மனிதர் நன்றாகப் பார்க்கிறார் என்று அவளுக்குப் பட்டது. ஒரு வெட்கமும் வந்தது. இத்தனை வருடமும் பனியிலும் மழையிலும் தன்னை வாசல்வரை கொண்டுபோய் இறக்கிய மனிதர். அந்த நன்றியிலேயே, 'நீங்களும் வாங்கோ' என்று அழுத்திக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

4

மூன்றாவது அரண்மனை ஷ்வெரீனில். பொன் முலாம் பூசிய ஒரு தூணைப் பார்த்து, "இதை அவருக்கு எப்பிடிச் சொல்லுறது" என்று கமலேஸ்வரி சொற்களைத் தேடினாள். தேடும்போதே, தன் தோளுக்குப் பக்கத்தில் வெறும் காற்றுத்தான் நிற்கிறது என்று உணர்ந்தாள்.

காருக்குத் திரும்பினாள்.

"என்ன இருந்தது?"

"சொல்லமாட்டன்."

பிள்ளைகள் இரண்டும் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கின.

"என்னப்பா கோவமே?" என்றார் குகநேசன்.

"கோவமில்லை. எனக்குச் சொல்லி அலுத்துப்போச்சு. ஒருக்கா எனக்குப் பக்கத்திலை இருந்து பாருங்கோ. பிறகு நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்."

(இந்த இடத்தில் கமலேஸ்வரி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை வருடம் கேட்காதவள் திடீரென்று எப்படிக் கேட்பாள்? நம்பவைப்பதற்காக அவளை அழ வைத்தேன். வாசித்ததும் மறுத்துவிட்டாள். "நான் அழேல்லை அக்கா. எனக்குப் பசி. பசியிலைதான் வாய் வந்தது." எழுதுகிறவர்கள் கண்ணீருக்கு ஓடுகிறோம், பசி நினைவுக்கு வருவதில்லை.)

குகநேசன் காரை ஹம்பேர்க் பக்கம் திருப்பினார்.

5

ஹோட்டலில் கமலேஸ்வரி குளித்துவிட்டு வந்து பார்த்தால், குகநேசன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கை போறியள்?"

"நாடகத்துக்கு. நீர்தானே கூப்பிட்டனீர்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த அதே கணத்தில் டிக்கெட் நினைவுக்கு வந்தது. மாரிகாலத்தில் துஷாரா டிக்கெட் எடுத்தபோது, "எத்தினை அம்மா?" என்று கேட்டிருந்தாள். "மூண்டு காணும்" என்று, மூன்றே போதுமென்று, சொன்னது கமலேஸ்வரியேதான். பழக்கத்தில் வந்த வாய். அன்றைக்கு யாருக்கும் அது பிழையாகப் படவில்லை.

அரங்கு வாசலில் துஷாரா கவுண்டருக்கு ஓடினாள், திரும்பி வந்து தலையை ஆட்டினாள். ஓர் இருக்கைகூட மிச்சமில்லை. உள்ளே முதல் மணி அடித்தது. விசயம் குகநேசனுக்கு விளங்கிவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மடிப்புக் குலையாத சட்டையோடு நின்றார்.

6

இதற்கு மேல் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவர், "பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தானே" என்று கார்த் தரிப்பிடத்துக்கு நடக்கிறார். (நீங்கள் அழுவீர்கள். நான் வெட்கப்படுவேன்.) இரண்டாவதில் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். மூன்றாவதில் கமலேஸ்வரி தன் டிக்கெட்டை அவர் கையில் திணித்துவிட்டு, "போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்கிறாள். நேற்றுவரை எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால், பக்கத்தில் இருக்கத்தானே கேட்டாள்? அதனால் அதையும் பாதியிலேயே அடித்தேன்.

நடந்தது இது. குகநேசன் காற்சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பைச் சாவிவளையத்தோடு எடுத்து, நடுவில் நீட்டினார். "பார்க்கிங்கிலை ரெண்டாந் தட்டு, தூணுக்குப் பக்கத்திலை. ஆரெண்டாலும் பிடியுங்கோ. நான் இண்டைக்கு உள்ளுக்கை போறன்."

மூன்று கைகள் ஒரேயடியாக நீண்டன. ஒன்றாவது சுணங்கவில்லை.

எந்தக் கை வாங்கியது என்று கமலேஸ்வரி எனக்குச் சொன்னாள். நான் எழுதமாட்டேன்; ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்ற இரண்டும் நீண்டது மறைந்துபோகும். இவ்வளவு நேரம் கூடவே வாசித்து வந்தவர்களே, திறப்பை நீங்களே யாருக்காவது கொடுங்கள். இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. அவரை மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள்.